ரிஃப்லெக்டிவ் ஜர்னலில் என்ன எழுதுவது? பயிற்சிக்குப் போகும் பி.எட். நண்பர்களுக்கு

பி.எட். இரண்டாம் ஆண்டில் பள்ளிப் பயிற்சிக்குக் கிளம்பும்போது கல்லூரியில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். பாடத்திட்ட (லெசன் பிளான்) ரெக்கார்டு, தேர்வும் மதிப்பீடும், தனியாள் ஆய்வு (கேஸ் ஸ்டடி), செயல் ஆராய்ச்சி (ஆக்‌ஷன் ரிசர்ச்), உற்றுநோக்கல் ரெக்கார்டு, துணைக்கருவிகள். இந்த வரிசையின் வாலில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்: ரிஃப்லெக்டிவ் ஜர்னல். நாம் நடத்திய வகுப்பைப் பற்றியும், பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதைப் பற்றியும் நாமே யோசித்து எழுத வேண்டிய குறிப்பேடு. மற்ற ரெக்கார்டுகளுக்கு மாதிரி உண்டு, கட்டம் உண்டு, தலைப்பு உண்டு. இதற்குக் கோடு போட்ட தாள் மட்டும்தான். அதனாலேயே, சீனியர் அக்காவிடம் வாங்கிய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் மொத்தமாக எழுதப்படுவதும் இதுதான்.

எனக்கு வந்து சேர்ந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் இப்படி இருந்தது: "இன்றைய வகுப்பு இனிதே நடைபெற்றது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். நேர மேலாண்மையில் இன்னும் கவனம் தேவை." தேதியை மட்டும் மாற்றினால் எந்த ஊர்ப் பள்ளிக்கும் எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். கையெழுத்து வாங்கிவிடலாம், மார்க்கும் வந்துவிடும். ஆனால் மறுநாள் காலையில் ஏழாம் வகுப்பு முன்னால் சாக்பீஸோடு போய் நிற்கும்போது அதில் ஒரு வரிகூட உதவாது.

நான் கணக்கு. சங்கரன்கோவில் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பைக் கொடுத்தார்கள். கீழே சொல்வது அங்கே எனக்குக் கைகொடுத்த முறை. தமிழ், அறிவியல், சமூக அறிவியல் எடுப்பவர்கள் உதாரணங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் வந்த பிறகுதான் பி.எட். இரண்டு வருடப் படிப்பானது. அதன்படி பள்ளியில் மொத்தம் 20 வாரம்; அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். ஒரு பிள்ளை மாறுவதைக் கண்ணால் பார்க்க இது தாராளமான காலம். சார்ட் ஒட்டவும் பார்டர் வரையவும் மட்டுமே இதைச் செலவழித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

நோட்டு இரண்டு வேண்டும்

கல்லூரிக்குக் கொடுக்கும் ஜர்னல் ஒன்று. அது அழகான கையெழுத்தில், அட்டை போட்டு, வார இறுதியில் எழுதுவது. இன்னொன்று ரஃப் நோட்டு. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய, சட்டென்று எடுத்து எழுதக்கூடிய சின்ன நோட்டு. உண்மையான வேலை முழுக்க இதில்தான் நடக்கும். போனில் டைப் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். பள்ளி வளாகத்தில் ட்ரெய்னி போனும் கையுமாக நின்றால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். தவிர, பிள்ளைகளைப் படம் எடுக்கும் பழக்கம் அப்படித்தான் ஆரம்பிக்கும். அது அறவே கூடாது.

எழுத வேண்டிய நேரம் பீரியட் முடிந்த கையோடு. ஸ்டாஃப் ரூமில் நமக்கு நாற்காலி கிடைக்காது. பரவாயில்லை, வராந்தாத் திண்ணை போதும். ஐந்து நிமிடம், ஏழெட்டு வரி. இரவு வீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், பிள்ளை சொன்ன சொல் மறந்துபோய் நம் மனநிலை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். "இன்று வகுப்பு சரியில்லை, மனது கஷ்டமாக இருந்தது" என்று எழுதித் தூங்கிவிடுவோம்.

பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் நடந்தது. வலப்பக்கம் நாளைக்குச் செய்யப் போவது. இடப்பக்கத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். "கவனிக்கவில்லை" என்று எழுதாதீர்கள்; "ஸ்கேலை மேஜைமேல் சுழற்றிக்கொண்டிருந்தான், நான் பெயரைச் சொன்னதும் நிறுத்தினான்" என்று எழுதுங்கள். "புரிந்துகொண்டார்கள்" என்று எழுதாதீர்கள். புரிந்ததை எதை வைத்துச் சொல்கிறீர்களோ அதை எழுதுங்கள். அப்படி எழுத ஒன்றும் இல்லையென்றால் அதுவே ஒரு செய்தி. வலப்பக்கத்தில் "இன்னும் நன்றாக நடத்த வேண்டும்" போன்ற சபதங்கள் வேண்டாம். "நாளை பலகையில் எழுதும் முன் காகிதத்தை மடிக்கச் சொல்" என்கிற அளவுக்குச் சின்ன வேலையாக இருந்தால்தான் செய்வோம்.

பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்த பாடம்தானே என்று, ஒருநாள் நினைவூட்டலுக்காக அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டச் சொல்லியிருந்தேன். 1/2 + 1/3. ஜன்னலோரம் இருந்த பையன் நோட்டில் 2/5 என்று இருந்தது. ஏழாம் வகுப்புக் கணக்கு எடுத்த எல்லோரும் இந்த 2/5-ஐப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்வது சுலபம். ஜர்னலில் "மாணவர்கள் கவனக்குறைவால் தவறு செய்தனர்" என்று வரும்.

கேட்டுப் பாருங்கள். "எப்படிடா வந்துச்சு?" என்று, குரலில் அதட்டல் இல்லாமல். அவன் சொன்னதை ரஃப் நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்:

"மேல மேல கூட்டினேன் மிஸ், கீழ கீழ கூட்டினேன்."

"ஏன் அப்படிக் கூட்டணும்?"

"மார்க்கு அப்படித்தானே மிஸ் கூட்டுவாங்க. ரெண்டுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு."

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? ஒரு டெஸ்ட்டில் இரண்டுக்கு ஒன்று, அடுத்த டெஸ்ட்டில் மூன்றுக்கு ஒன்று எடுத்தால் மொத்தம் ஐந்துக்கு இரண்டுதான். வாத்தியார்கள் தினமும் அவன் கண் முன்னால் செய்கிற கூட்டல் அது. அவன் கணக்கு சரி. ஆனால் அது வேறொரு கேள்விக்கான கணக்கு. மார்க்கில் இரண்டு தாள் தனித்தனி. பின்னத்தில் இரண்டும் ஒரே அளவு முழுசிலிருந்து வர வேண்டும். அவன் சொல்லியிராவிட்டால் நான் "பகுதியைச் சமமாக்கு" என்ற விதியைத்தான் மறுபடியும் சத்தமாகச் சொல்லியிருப்பேன். அவன் தலையை ஆட்டியிருப்பான்.

வலப்பக்கத்தில் அன்று எழுதியது: "விதி சொல்லாதே. 2/5 பெரிசா, அரை பெரிசா என்று கேள்." மறுநாள் ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் கொடுத்தேன். ஒன்றைப் பாதியாக, ஒன்றை மூன்றாக, ஒன்றை ஐந்தாக மடித்தார்கள். (ஐந்தாக மடிப்பது லேசில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பீரியடே மடிப்பதில் போய்விடும்.) ஐந்தில் இரண்டைக் கலர் அடித்து அரைப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்ததும் அவனே பார்த்துவிட்டு, "அரையோட இன்னொண்ணு சேர்த்தா எப்படி மிஸ் கொறையும்?" என்றான். பாடத்திட்டத்தில் "மதிப்பிடுதல்" என்ற பத்தியில் நான் எழுதி வைத்திருந்த ஐந்து வினாக்களை விட இந்த ஒரு கேள்வி மேல்.

சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அடுத்து வந்த எழுத்து வேலையில் திரும்பவும் 2/5. பட்டையைப் பார்த்தால் சரியாகச் சொல்கிறான், நோட்டைத் திறந்தால் பழைய கை வேலை செய்கிறது. அதையும் எழுதி வைத்தேன். அப்புறம் கொஞ்ச நாளில் அதே 1/2 + 1/3-ஐ 1/6 + 1/6 = 2/6 என்று எழுதினான். பகுதியை ஆறாக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது, மேலே இருப்பதையும் மாற்ற வேண்டும் என்பது இன்னும் வரவில்லை. அதற்கும் பிறகு 3/6 + 2/6, விடை 5/6. வேறொரு நாள் 1/2 + 1/4-க்கு எட்டைப் பொதுப் பகுதியாக எடுத்து 6/8 என்று முடித்துவிட்டு, "நாலே போதுமோ மிஸ்?" என்று தானாகக் கேட்டான்.

மதிப்பெண் பட்டியலில் இதைத் தேடிப் பாருங்கள். முதல் 2/5-க்குச் சைபர், இரண்டாவது 2/5-க்கும் சைபர், 2/6-க்கும் சைபர். மூன்று சைபரும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் மூன்றாவது சைபர் முதல் சைபரை விட ரொம்ப தூரம் தள்ளி இருக்கிறது. மாணவர் வளர்ச்சியைப் பற்றி எழுதச் சொல்கிறார்களே, எழுத வேண்டியது இந்த தூரத்தைத்தான். தப்பு எப்படி வேறொரு தப்பாக மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று, இது வேகமாக. முழுக்கள் பாடத்தில் −3 − 2-க்குப் பாதி வகுப்பு +5 என்று எழுதும். கேட்டால் "மைனஸும் மைனஸும் ப்ளஸ் மிஸ்" என்பார்கள். பெருக்கலுக்குச் சொன்னதைக் கழித்தலுக்கும் இழுத்துவிட்டார்கள். மூன்று ரூபாய் கடன் இருக்கும்போது மேலே இரண்டு ரூபாய் கடன் வாங்கினால் கையில் ஐந்து ரூபாய் வந்துவிடுமா என்று கேட்டால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார்கள். அவர்கள் சொன்ன அந்த வாசகத்தை எழுதி வைத்தால், அடுத்த வருடம் விதியைச் சொல்லும்போதே "பெருக்கும்போது" என்ற சொல்லை விடாமல் சேர்த்துச் சொல்வீர்கள்.

"புரிஞ்சுதா?"வை நிறுத்துங்கள்

"புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்" என்று கோரஸாக வரும். அந்த இழுவையிலேயே தெரியும், அதற்கு அர்த்தம் "அடுத்ததுக்குப் போங்க" என்பதுதான். அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒரு கணக்கு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது தனிப் பயிற்சி. நுண்ணிலைக் கற்பித்தலில் வினவுதல் திறனை ஐந்தாறு நிமிடம் நம் வகுப்புத் தோழர்களை வைத்துச் செய்து பார்த்திருப்போம். அவர்கள் நல்ல பிள்ளைகள், உடனே பதில் சொல்லிவிடுவார்கள். நிஜ வகுப்பில் அமைதி வரும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் இதைப் பற்றி எழுதினார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. மூன்று வினாடி என்று படிக்கும்போது ஒன்றுமில்லை போலத் தோன்றும். பலகை முன்னால் நின்று பாருங்கள், மூன்று நாழிகை மாதிரி இருக்கும். நான் டஸ்டரை எடுத்து மேஜையில் ஒழுங்காக வைப்பேன், சாக்பீஸ் துண்டைப் பெட்டியில் போடுவேன், அப்புறம்தான் நிமிர்வேன். நிமிரும்போது எந்தக் கை புதிதாகத் தூக்கியிருக்கிறது என்பதை ரஃப் நோட்டில் குறிக்க வேண்டும்.

இதற்கு ஒரு சிநேகிதி உதவி வேண்டும். உங்களோடு அதே பள்ளிக்கு வந்திருக்கும் இன்னொரு ட்ரெய்னியைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லி, வகுப்பின் இருக்கை வரைபடத்தைக் கையில் கொடுங்கள். யாரிடம் கேள்வி போகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். அறிவியல் எடுத்த சிநேகிதிக்கு நான் இப்படி வரைந்து கொடுத்தேன். கோடெல்லாம் முதல் இரண்டு பெஞ்சிலும் நடு வரிசையிலும் குவிந்திருந்தது. பையன்கள் பக்கம் மட்டும் கூடுதல். பார்த்ததும் அவள் ஒன்றும் பேசவில்லை, மறுநாள் மேஜையை விட்டு நகர்ந்து பெஞ்சுகளுக்கு நடுவில் உள்ள நடைபாதையில் நின்று பாடம் எடுத்தாள். அடுத்த வரைபடம் வேறு மாதிரி இருந்தது. இரண்டு வரைபடத்தையும் ஜர்னலில் ஒட்டினால் நாலு பக்கக் கட்டுரையை விடப் பேசும்.

சத்தம் விஷயத்திலும் இதே போலத்தான். "வகுப்பில் ஒழுங்கு இல்லை" என்று எழுதுவதால் பிரயோஜனம் இல்லை. சத்தம் எழுந்தபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால் தெரிந்துவிடும்: பெரும்பாலும் முதுகைக் காட்டிப் பலகையில் நீளமாக எழுதும்போதுதான். அல்லது நோட்டு திருத்தி முடித்தவர்களுக்கு வேறு வேலை கொடுக்காதபோது. மதிய உணவுக்குப் பிறகு வரும் பீரியடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்; அதில் எழுந்து நடமாடுகிற வேலை வைக்காவிட்டால் ஒன்று தூங்குவார்கள், இல்லையென்றால் சந்தைதான்.

பீரியட் முடிவில் ஒரு சீட்டு

கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளுக்குக் கால் தாள். ஒரே ஒரு கணக்கு. செய்து, பெயர் எழுதி, போகும்போது மேஜையில் வைத்துவிட்டுப் போகலாம். இதற்கு மார்க் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் பக்கத்துச் சீட்டைப் பார்த்து எழுதி, எல்லாம் சரியாக வந்து சேரும். வாங்கிய சீட்டுகளைத் திருத்த வேண்டாம். மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும்: செய்துவிட்டவர்கள், வழி தெரிந்தும் நடுவில் வழுக்கியவர்கள், ஆரம்பமே பிடிபடாதவர்கள். நடு அடுக்கைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். நாளைய வகுப்பின் முதல் பத்து நிமிடம் எதைப் பற்றி என்பதை அது சொல்லும்.

தொடக்கப் பள்ளிப் பக்கம் இருக்கும் டி.எல்.எட். (ஆசிரியர் பட்டயப் படிப்பு) நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பாடம் எடுப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அதில் எனக்குப் பிடித்தது, பிள்ளை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் என்பதை முன்னாலேயே ஏற்றுக்கொள்கிற அந்தப் பெயர்கள். நடுநிலை வகுப்புகளில் "ஸ்லோ லேர்னர்" என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால் அந்தப் பெயர் அதிலிருந்து லேசில் வெளியே வராது. உங்கள் சீட்டு அடுக்குகளைத் தினமும் கலைத்துவிடுங்கள்.

ஐந்து பேர் போதும்

வகுப்பு முழுவதையும் தொடர்ந்து எழுத முடியாது. முயற்சி செய்தால் இரண்டாம் வாரத்தில் கை ஓய்ந்துவிடும். ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள், ஆளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதல் ரேங்க் பிள்ளையும், எல்லோரும் கைகாட்டும் கடைசிப் பிள்ளையும் வேண்டாம். அவர்களை எல்லா ஆசிரியர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நடுவில் சத்தமில்லாமல் இருப்பவர்களை எடுங்கள். நோட்டில் நிஜப் பெயர் எழுத வேண்டாம். நான் ஜன்னல், ரப்பர், முன்கை, பூ என்றெல்லாம் வைத்திருந்தேன். நாளைக்கு அந்தப் பிள்ளையே நோட்டைப் படித்துவிட்டாலும் முகம் சுருங்காத பெயராக இருக்கட்டும்.

ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் நோட்டில் தப்பே இருக்காது, ஏனென்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். சில பக்கங்களில் தாள் தேய்ந்து மறுபக்கத்து எழுத்து தெரியும். அழித்த இடத்தில் பலகையைப் பார்த்து எழுதிய சரியான விடை. இப்படிப்பட்ட நோட்டுக்குத்தான் "மிக நன்று" போடுவோம். அவள் என்ன யோசித்தாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வகுப்பு முழுவதுக்குமாக ஒரு வழக்கம் கொண்டுவந்தேன்: கணக்கு நோட்டில் அழிக்கக் கூடாது, தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்பச் செய்ய வேண்டும். கோடு போட்ட தப்புக்கு யாரையும் திட்டமாட்டேன் என்பது என் பங்கு. முதலில் அவள் மட்டும் ரகசியமாக அழித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒருநாள், கோடு போட்ட முதல் தப்பு. அவள் பக்கத்தில் தேதியோடு அதைத்தான் வளர்ச்சி என்று எழுதினேன். பாடம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

முன்கைக்கு வேறு பிரச்சினை. நான் கேள்வியை முடிப்பதற்குள் கை மேலே இருக்கும், பாதி நேரம் பதில் தப்பாக இருக்கும். அவனிடம் பார்க்க வேண்டியது, பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது எங்கே தடுமாறுகிறான் என்பது. பூ என்று எழுதியது, மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவளை. முதல் பீரியடில் அவள் கண் சொக்கும். கணக்கு முதல் பீரியடாக வரும் நாளில் அவளைப் பற்றி நான் எழுதுவது எதுவும் கணக்கைப் பற்றியதாக இருக்காது என்று புரிந்ததும், பிற்பகல் பீரியட் குறிப்புகளை மட்டும் வைத்து அவளை எடைபோட ஆரம்பித்தேன். எந்தக் கிழமை, எத்தனையாவது பீரியட் என்று ஒவ்வொரு குறிப்புக்கும் தலையில் எழுதுங்கள். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா நேரத்தில் வகுப்பே பாதிதான் இருக்கும். அந்த வாரத்துச் சீட்டுகளை வைத்து யார் வளர்ந்தார், யார் தேய்ந்தார் என்று முடிவு கட்டினால் கோளாறுதான்.

ஒரு எச்சரிக்கை. ஒரு பிள்ளை பலகையில் இருக்கும் 8-ஐத் திரும்பத் திரும்ப 3 என்று எழுதினால், கணக்கைப் பார்ப்பதற்கு முன் கண்ணைப் பாருங்கள். ஒரு வாரம் முன்பெஞ்சில் உட்கார வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பு குறைந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்க கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது. ட்ரெய்னி செய்யக்கூடிய மிக உருப்படியான காரியங்களில் இதுவும் ஒன்று.

வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்கும் விதம்

"சார், கிளாஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சும்மா. இன்னும் கொஞ்சம் சத்தமா பேசணும்" என்பார். அவர்மேல் குறை சொல்ல முடியாது. நாம் கேட்டதே அப்படிப்பட்ட கேள்வி. அவருக்கு எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு இருக்கிறது, எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டம் இருக்கிறது, பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது.

வகுப்புக்கு முன்னாலேயே ஒன்றை மட்டும் கேளுங்கள். "சார், இன்னைக்குக் குழுவா உட்கார வைக்கப் போறேன். ஒவ்வொரு குழுவுலயும் யாரு பென்சிலைத் தொடவே இல்லைன்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களா?" நான் இப்படிக் கேட்ட அன்று சார் பீரியட் முழுக்க இருந்தார். முடிந்ததும், "ஏம்மா, எல்லாக் குழுவுலயும் எழுதுறது ஒரே ஆளுதான். மத்தவங்க எட்டிப் பாக்குறாங்க. ஆளுக்கு ஒரு கலர் பேனா கொடு, யாரு எதை எழுதுனாங்கன்னு தாளே சொல்லிரும்" என்றார். இருபது வருட அனுபவத்திலிருந்து மூன்று வாக்கியம். அதை அப்படியே ரஃப் நோட்டில் எழுதி, அடுத்த குழு வேலைக்கு நாலு கலர் பேனா வாங்கினேன்.

அவர் சொன்னது நமக்கு ஒத்துவராவிட்டாலும் அந்த இடத்தில் வாதம் செய்ய வேண்டாம். ஒருமுறை செய்து பார்த்து, நடந்ததை இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டு, பிறகு காட்டுங்கள். தாளில் இருப்பதற்கு அவர்கள் காது கொடுப்பார்கள்.

இதைக் கல்லூரி ஜர்னலாக மாற்றுவது

வாரக் கடைசியில் ரஃப் நோட்டைப் புரட்டி, வாரத்துக்கு ஒரு சம்பவத்தை மட்டும் எடுங்கள். தினமும் ஒரு பக்கம் எழுதித்தான் ஆக வேண்டும் என்று உங்கள் கல்லூரி சொன்னால், மற்ற நாட்களுக்கு நாலு வரி. இந்த ஒன்றுக்கு இரண்டு பக்கம். கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-இல் கொடுத்த ஆறு படிகளைச் சில பேராசிரியர்கள் எதிர்பார்ப்பார்கள்: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், ஏன், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்து என்ன. தலைப்புகளாகப் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. என் கருத்து, உணர்ந்ததற்கு ஒரு வரி போதும், "ஏன்" என்ற படிக்கு மட்டும் பாதிப் பக்கம் கொடுங்கள். அந்த 2/5 எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அங்கேதான் வரும். டொனால்டு ஷோன் என்ற அமெரிக்க அறிஞர் 1983-இல் பிரித்துக் காட்டிய இரண்டும் தேர்வில் வரும்: வேலையின் நடுவிலேயே யோசித்து மாற்றுவது, வேலை முடிந்தபின் யோசிப்பது. வைவாவில் இதைக் கேட்டால் புத்தக வரையறையோடு நிறுத்தாமல், பாடத்தின் நடுவில் நீங்கள் மாற்றிய ஒன்றைச் சொல்லுங்கள். அதற்காகவே, வகுப்பு நடக்கும்போது திட்டத்தை விட்டு விலகிய இடங்களில் பாடத்திட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து வாருங்கள்.

பிள்ளையின் வீட்டுக் கதைகள் ஜர்னலில் வேண்டாம். அப்பா குடிக்கிறார், அம்மா இல்லை, என்ன சாதி என்பதெல்லாம் நம்பிச் சொன்ன விஷயங்கள். ரெக்கார்டு எத்தனை கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. பிள்ளைக்கு நிஜமாகவே ஆபத்து என்று தோன்றினால் தலைமையாசிரியரிடம் நேராகப் போய்ச் சொல்ல வேண்டும், எழுதி வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

செயல் ஆராய்ச்சிக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்கள் ரஃப் நோட்டின் இடப்பக்கங்களைப் படித்தால் போதும். மூன்றாவது முறையாக வரும் தப்பு எதுவோ அதுதான் தலைப்பு. முன்தேர்வு, தலையீடு, பின்தேர்வு எல்லாவற்றுக்கும் சீட்டுகள் கையில் இருக்கும், எண்களைக் கற்பனையாக நிரப்ப வேண்டி வராது. தனியாள் ஆய்வுக்கும் அந்த ஐவரில் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சி முடிந்து கிளம்பும் வாரத்தில் எல்லோரும் பிரிவு விழா, சாக்லேட், குரூப் போட்டோ என்று பரபரப்பாக இருப்பார்கள். அதற்குள் ஒரு வேலை: ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு அரைப் பக்கம், இப்போது எது வருகிறது, எது இன்னும் வரவில்லை, எதைச் செய்தால் கேட்கிறார்கள் என்று பெயரோடு ஒரு தாளில் எழுதி, கணக்கு ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுங்கள், அப்போதுதான் உட்கார்ந்து படிப்பார், கேள்வி கேட்பார். ரஃப் நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். வைவாவில் வெளித்தேர்வர் "இது நீங்களே எழுதியதா?" என்று கேட்டால், அதைத்தான் எடுத்து மேஜையில் வைக்க வேண்டும்.